நாலு மாசத்துக்கு மட்டும் வாடகை வீடு, எந்த நெட் எடுக்கலாம்?

மாடிவீடு: வணக்கம் மக்களே. சொந்த வீட்டுல ரிப்பேர் வேலை நடக்குது. முடியுற வரைக்கும் சென்னை மடிப்பாக்கத்துல ஒரு முதல் மாடி வீட்டுக்கு வந்திருக்கோம், நாலு மாசம் இருப்போம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மனைவி சாயங்காலம் ஆன்லைன் டியூஷன் எடுக்கறாங்க. ஹாட்ஸ்பாட் போட்டா மதியத்துக்குள்ள அன்னன்னிக்கு டேட்டா காலி.

ரெண்டு கம்பெனியை விசாரிச்சேன். ஒண்ணு மாசம் 600 வீதம் ஆறு மாசத்துக்கு முன்கூட்டியே கட்டணும், இன்ஸ்டலேஷன் இலவசம். இன்னொண்ணு மாசாமாசம் 600, இன்ஸ்டலேஷன் 1,000. ரெண்டுக்கும் ஜிஎஸ்டி தனி.

முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போன ஃபைபர் பெட்டி ஒண்ணு ஹால் சுவத்துல இருக்கு. ஆன் பண்ணா எல்ஓஎஸ்னு போட்ட இடத்துல சிவப்பு விளக்கு மின்னுது. அதையே ஓட வைக்க முடியுமா?

லைன்மேன்: எல்ஓஎஸ் சிவப்புன்னா பெட்டிக்கு வெளிச்சமே வரலைன்னு அர்த்தம் சார். பின்னாடி பச்சை முனை வச்ச மெல்லிசு வயர் இருக்கும், அது 'டிக்'னு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. கழட்டினா முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பார்க்காதீங்க. சரியா மாட்டியும் சிவப்பு போகலைன்னா கம்பத்துலயோ மொட்டை மாடியிலயோ வயர் அறுந்திருக்கும், இல்ல கழட்டி விட்டிருப்பாங்க.

விளக்கு பச்சையானாலும் உடனே நெட் வராது. பெட்டியோட சீரியல் நம்பர் பழைய ஆள் பேர்ல கம்பெனி சிஸ்டத்துல பதிவாகியிருக்கும். அதே கம்பெனி உங்க பேர்ல மாத்தினாத்தான் உண்டு. வேற கம்பெனிக்காரங்க அந்தப் பெட்டியைத் தொட மாட்டாங்க, தனி வயர்தான் இழுப்பாங்க. அதனால பெட்டி யாருதுன்னு ஸ்டிக்கரைப் பாருங்க.

கணக்குப்பிள்ளை: நெட்டோட மாசக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க, நாலு மாசத்துக்கு மொத்தமா கையை விட்டு எவ்வளவு போகுதுன்னு போடுங்க. முதல் கம்பெனி: 3,600 + 18% ஜிஎஸ்டி = 4,248. ரெண்டாவது: 708 வீதம் நாலு மாசம் 2,832, இன்ஸ்டலேஷன் ஜிஎஸ்டியோட 1,180, ஆக 4,012. 'இலவசம்'தான் 236 ரூபாய் கூட! வேலை இழுத்து ஆறு மாசம் ஆனா கணக்கு தலைகீழாயிடும், அதுவும் உண்மை. மேஸ்திரி சொல்ற தேதியை நம்பாதீங்க.

ஓஎம்ஆர்_வாசி: ஏர்ஃபைபர் பார்த்தீங்களா ப்ரோ? ஜியோ 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச எட்டு நகரத்துல சென்னையும் ஒண்ணு. கம்ப வயர் வேண்டாம், மாடியில 5ஜி ஆன்டெனா, அங்கிருந்து வீட்டுக்குள்ள ஒரு கேபிள்.

லைன்மேன்: அந்தக் கேபிளுக்குச் சுவத்துல ஓட்டை போட வேண்டியிருக்கும், ஓனரை முதல்ல கேட்டுக்குங்க. ஃபைபர் பிளான்ல பெரும்பாலும் மாசம் 3,300 ஜிபி வரை முழு வேகம், ஏர்ஃபைபர்ல 1,000 ஜிபி. உங்க வேலைக்கு அதுவே தாராளம், ஆனா பக்கத்துல டவர் சிக்னல் சரியில்லைன்னா சாயங்காலம் டியூஷன் நேரத்துல திணறும்.

மாடிவீடு: ஸ்டிக்கர் பார்த்தேன், ஏரியா கேபிள்காரரோட பேர். கீழ்வீட்டு ஓனர் அம்மாகிட்ட கேட்டேன், "எங்க வீட்டுலயும் அவங்கதான், தம்பி கூப்பிட்டா வருவாப்ல" என்றார். போன் பண்ணினேன். மாசம் 500 + ஜிஎஸ்டி, முன்பணக் கட்டாயம் இல்லை, வயர் ஏற்கெனவே இருக்கறதால வேலைக்கு 300 ரூபாய். பெட்டிக்கு 1,500 டெபாசிட், திருப்பித் தருவாராம்.

கணக்குப்பிள்ளை: 2,360 + 300 = 2,660. யோசிக்கவே வேண்டாம். டெபாசிட்டுக்கு ரசீது வாங்குங்க, காலி பண்ணும்போது எத்தனை நாளில் தருவார்னு அதிலேயே எழுதச் சொல்லுங்க. வாய்வார்த்தையில விட்டா, காலி பண்ற அன்னிக்குத்தான் போன் எடுக்க மாட்டார்.

மாடிவீடு: சரிங்க. வேகம் எப்படின்னு எதை வச்சு முடிவு பண்றது?

லைன்மேன்: பணம் கட்டறதுக்கு முன்னாடி ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஓனர் வீட்டு வைஃபைல ஸ்பீடு டெஸ்ட் பண்ணுங்க. டவுன்லோடை விட அப்லோடைப் பாருங்க, வீடியோ காலுக்கு அதுதான் முக்கியம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசணும்னா 10 எம்பிபிஎஸ் இருந்தா போதும். பெட்டி ஹால்ல இருக்கு, நீங்க உள்ரூம்ல உட்காருவீங்கன்னா லேப்டாப்புக்கு ஒரு லேன் வயர் இழுத்துடுங்க.

ஓஎம்ஆர்_வாசி: பெட்டி 12 வோல்ட்தானே, ஒரு மினி யுபிஎஸ்ஸும் வாங்கி வைங்க ப்ரோ. மெயின்டனன்ஸ்னு காலையில ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்துற அன்னிக்குத்தான் நமக்கு மேனேஜர் மீட்டிங் வைப்பார்.

மாடிவீடு: 😄 நாளைக்கு ராத்திரி டெஸ்ட் பண்ணிட்டு நம்பரைப் போடறேன்.