பிப்ரவரியில் பார்த்த குடூ மான் ஜூனில் எங்கே நிற்கும்? சீசனுக்கு முன் காடு பார்த்த அனுபவங்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தைப்பூசக் காவடி இறக்கிய கையோடு நம் தென்னாப்பிரிக்கத் தமிழ் ஆட்கள் குளிர்கால வேட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். (இங்கே பிப்ரவரி கோடை, ஜூன் குளிர்காலம்.) எந்தப் பண்ணை, ஒரு இம்பாலா மானுக்கு எத்தனை ராண்ட், யாருடைய பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) போவது என்றெல்லாம் பேச்சு ஓடும். முன்கூட்டியே போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பண்ணைக்காரர் காட்டுவார், தடம் பார்ப்பவர் கூட வருவார், நமக்கென்ன என்ற நினைப்பு. எனக்கோ வேட்டையைவிட இந்தப் பார்வையிடும் வேலைதான் பிடித்திருக்கிறது.

நான் போவது வட சூலூலாந்தில் ம்கூசே பக்கம், முள்வேலி அடைத்த ஒரு தனியார் பண்ணை. பண்ணைக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போவேன். துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும். பைனாகுலர், தண்ணீர், காற்றுத் திசை பார்க்க ஒரு சின்னத் துணிப்பையில் சாம்பல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் கோடையில் மலேரியா உண்டு, டாக்டரிடம் கேட்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

கோடையில் போனால் காடு நம்மை ஏமாற்றும். மழை பெய்து எல்லாக் குட்டையிலும் தண்ணீர் நிற்கும், எங்கே பார்த்தாலும் பச்சை. விலங்குக்கு எங்கேயும் நிற்கலாம். அந்த நேரத்தில் முறுக்குக் கொம்புள்ள ஒரு குடூ ஆணைப் பார்த்து, 'இவன் இந்த மேட்டில்தான் இருப்பான்' என்று குறித்துக்கொண்டு ஜூனில் போனால் அங்கே மேடு மட்டும்தான் இருக்கும். கோடையில் வளர்ந்த ஆண்கள் நாலைந்தாகச் சேர்ந்து பெண்களைவிட்டுத் தனியே திரியும். மே, ஜூன் வாக்கில் இணைசேரும் காலம் வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்து, ஆளுக்கொரு பெண்கூட்டத்தின் பின்னால் போய்விடும். ஆகவே பிப்ரவரியில் நான் ஆணைத் தேடுவதே இல்லை. பெண்களும் கன்றுகளும் எங்கே மேய்கின்றன, எந்தத் தடத்தில் தண்ணீருக்கு இறங்குகின்றன என்றுதான் பார்ப்பேன். கொம்பு தானாக அங்கே வந்து சேரும்.

இரண்டாவது, தம்போட்டி மரம். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அந்தப் பண்ணையில் தடம் பார்க்கும் பெரியவர். பாபா என்றுதான் கூப்பிடுவோம். கறுத்து, சதுரம் சதுரமாக வெடித்த பட்டை, ஓடைக்கரையில் தோப்பாக நிற்கும். ஒரு கிளையை ஒடித்துக் காட்டினார், வெள்ளைப் பால் வடிந்தது. கண்ணில் பட்டால் அவ்வளவுதான் என்று சைகையிலேயே சொன்னார். குளிர்காலத்தில் இதன் இலை சிவந்து உதிரும். புல் காய்ந்து போன அந்த நேரத்தில் குடூ, நியாலா, இம்பாலா என்ற மூன்று மான்களும் கீழே கிடக்கும் காய்ந்த சருகைத் தேடி வந்து தின்னும். கோடையில் அந்தத் தோப்பில் ஒரு புழுக்கைகூடக் கிடக்காது. அதனால் யாரும் அதைக் குறித்துக்கொள்வதில்லை. நான் அதைத்தான் முதலில் குறிப்பேன். (ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த விறகில் பிராய் போடாதீர்கள், அதாவது கறி சுடாதீர்கள். புகையே விஷம், கறி தின்றவருக்கு வயிறு கெட்டுப்போகும்.)

இந்த வருடம் நடந்தது இது. விடியற்காலை ஓடைக்கரையில் பாபா சட்டென்று நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முள்புதர், நிழல், மறுபடி முள்புதர். அவர் விரல் நீட்டவில்லை, முகவாயை மட்டும் லேசாக உயர்த்தினார். பைனாகுலரில் இலை இலையாகத் துழாவியபோது ஒரு காது திரும்பியது. அந்தக் காதிலிருந்துதான் மற்றதைக் கட்டி எழுப்பினேன். கண்களுக்கு நடுவே வெள்ளைப் பட்டை, தொண்டையில் தொங்கும் மயிர், உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், அப்புறம் கொம்பு. முப்பதடி தூரம்கூட இருக்காது. இருநூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு அந்தப் புதருக்குப் பின்னால் அப்படியே ஒளிந்திருந்தது.

கொம்பில் இரண்டு முறுக்கு முடிந்து, நுனி இன்னும் உள்நோக்கியே இருந்தது. இரண்டரை முறுக்கு நிறைய ஆறு வயதாவது ஆக வேண்டும். இவனுக்கு நாலு, ஐந்து இருக்கலாம். ரோலண்ட் வார்ட் என்ற வேட்டைச் சாதனைப் பட்டியலில் ஏறக் கொம்பு 53 7/8 அங்குலம் வேண்டும் என்று நாடா பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். எனக்கு வேண்டியது இவனை ஜூனில் பார்த்தால் அடையாளம் தெரிந்து விட்டுவிடுவது. இடது காதில் ஒரு கிழிசல் இருந்தது, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதற்குள் மேலே ஒரு சாம்பல் நிற லூரி 'க்வே' என்று கத்தியது. 'போ, போ' என்று விரட்டுகிற பறவை என்றே அதற்குப் பெயர். அவ்வளவுதான், குடூ நாய் குரைப்பதுபோல ஒரே குரல் கொடுத்தது, கொம்பைக் கழுத்தோடு ஒட்டிச் சாய்த்துக்கொண்டு புதருக்குள் நுழைந்தது. அத்தனை பெரிய கொம்பு ஒரு கிளையில்கூடச் சிக்கவில்லை.

ஸ்டேங்கரிலிருந்து:

அண்ணே, இவ்வளவு நடக்க வேண்டுமா? நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் டிரெயில் கேமரா (விலங்கு வந்தால் தானே படமெடுப்பது) கட்டிவிட்டு வந்துவிடுவேன். போன வருடம் நடு இரவில் வருகிற ஒரு கிழட்டு ஆண் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, ஒரு சிறுத்தைகூடப் பதிவாகியிருந்தது. சிறுத்தையைப் பண்ணைக்காரரே பார்த்ததில்லையாம். பபூன் ஒன்று கேமராவைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்ததும் பதிவாகியிருக்கிறது, வாயின் உட்புறம் வரை.

உண்ணியைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே? கோடைக் கடைசியில் புல்லில் மிளகுத்தூள் அளவு குட்டி உண்ணி அப்பிக்கொள்ளும். எனக்குக் கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, காய்ச்சல், மண்டையிடி. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

என் வீட்டுக்காரர் சுடுவார், நான் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் வேலைப் பிரிவினை. அண்ணன் குடூ கதை சொன்னார், நான் நியாலா கதை சொல்கிறேன்.

ஹ்லுஹ்லுவே பக்கத்தில் ஒரு அத்திமரத்தடி. மேலே குரங்குகள் பழம் பறித்துப் பாதி தின்று பாதி கீழே போட, கீழே நியாலாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. பெண்கள் செம்பழுப்பில் வெள்ளைக் கோடு போட்டு, ஆண் கருத்த சடையோடு, கால் மட்டும் மஞ்சள் சாக்ஸ் மாட்டினாற்போல. தெரியாதவர்கள் இரண்டு வேறு மான் என்றே நினைப்பார்கள். அப்போது இன்னொரு ஆண் வந்தது. சண்டை வரும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சண்டையே இல்லை. இரண்டும் முதுகு மயிரைச் சிலிர்த்து, வாலை முதுகின்மேல் வெள்ளையாக விரித்து, ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கித் தூக்கி, ஒன்றையொன்று பார்க்காத மாதிரிப் பக்கவாட்டில் நடந்தன. அவ்வளவு மெதுவாக ஒரு விலங்கு நடந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் சின்னவன் மயிரைப் படுக்கவிட்டு, புல் மேய்வதுபோலப் பாவனை செய்துகொண்டே நழுவிவிட்டான்.

யார் பெரியவன் என்று அவர்களே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். கிழவனுக்குக் கொம்பு நுனி தேய்ந்து தந்தநிறமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், 'இந்தக் கிழவன் சரி, அந்தச் சின்னவனைத் தொடக்கூடாது.' அவர் இரண்டையுமே தொடவில்லை, ஒரு இம்பாலாவோடு திரும்பினார். அதன் பில்டாங்கை, அதாவது உப்புக்கண்டத்தை, புரட்டாசி பிறப்பதற்கு முன்னாலேயே தின்று தீர்த்தோம். புரட்டாசியில் அதை எங்கே வைப்பது என்ற சண்டை அதனால் இந்த முறை வரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மறுபடி:

தங்கச்சி சொன்னதுதான் விஷயம். சுடுவது ஒரு நிமிட வேலை.

ஸ்டேங்கர் தம்பிக்கு: கேமரா எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்லும், எந்தப் பக்கமிருந்து ஏன் வந்தது என்று சொல்லாது. நீங்கள் கட்டிய தொட்டி ஆகஸ்டிலும் நிரம்பியிருக்குமா என்று பண்ணைக்காரரிடம் கேட்டீர்களா? சில தொட்டிகளைக் குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். அப்புறம் கேமராவைத் தண்ணீரைப் பார்த்துக் கட்டாமல், தண்ணீருக்கு இறங்கும் தடத்தைப் பார்த்துக் கொஞ்சம் உயரத்தில் கட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கிடைக்கிற படத்தில்தான் வயது தெரியும். லென்ஸைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம்.

காற்றையும் விட்டுவிட்டேன். கோடையில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. குளிர்காலத்தில் மேகத்தோடு குளிர் ஏறி வந்தால் தெற்கிலிருந்து அடிக்கும். அதனால் ஒரே தோப்புக்கு இரண்டு பக்கமிருந்தும் போக வழி பார்த்து வையுங்கள்.

பசு, ஆடு வைத்திருக்கிற பண்ணை என்றால் பூட்ஸையும் டயரையும் கழுவிவிட்டு உள்ளே போங்கள். 2021 முதல் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கோமாரி வந்து வந்து போகிறது, பண்ணைக்காரர்கள் கடுப்பில் இருக்கிறார்கள்.

புனித வெள்ளிக்கு நான் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் இருப்பேன். அதற்கடுத்த வாரம் ம்கூசேக்குக் கிளம்புகிறேன். பக்கியில் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது, வருகிறவர்கள் சொல்லுங்கள். தங்கச்சி, வீட்டுக்காரரை விட்டுவிட்டு நீங்கள் வந்தாலும் சரிதான்.