1/25 ஷெவெல் எஸ்எஸ் 454: பானெட் மேட்டைச் சுற்றி பெயின்டுக்குப் பிறகு கோடு விழுகிறது

கையரம்:
1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454 காரின் பிளாஸ்டிக் மாடல், 1/25 அளவு. தட்டையான பானெட் மேல் ஸ்டைரீன் ஷீட்டில் கவ்ல் இண்டக்‌ஷன் மேடு (முன்கண்ணாடியின் அடியிலிருந்து எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் புடைப்பு) கட்டியிருக்கிறேன். பின்பக்கம் 3 மி.மீ. உயரம், முன்னால் வர வரச் சரிந்து பானெட்டோடு சேர்ந்துவிடும். மேல்தட்டு 0.5 மி.மீ., பக்கச் சுவர் 1 மி.மீ., பின்வாயை 0.25 ஷீட்டால் மூடியாச்சு. எல்லாம் திரவ சிமென்ட் ஒட்டு. ஓரத்தில் ட்யூப் பட்டி (இடைவெளி நிரப்பும் பசை) வைத்து 400, 600 உப்புத்தாள் போட்டு பிரைமர் அடித்தபோது சுத்தமாக இருந்தது. கலர் அடித்து ஒரு வாரம் ஆனதும் மேட்டைச் சுற்றி முழுக்கக் கோடு தெரிகிறது, மேல்தட்டும் நடுவில் லேசாக உள்வாங்கியிருக்கிறது. இதையே சரிசெய்யலாமா, பிய்த்துவிட்டுப் புதிதாகக் கட்டணுமா? அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) வயரிங்கும் ஹெட்டரும் (புகைக் குழாய்கள்) சொந்தமாகச் செய்யப் போகிறேன். வயர் தடிமன், வரிசை, ஹெட்டருக்கு என்ன கம்பி என்றும் சொல்லுங்க.

ஷீட்தச்சன்:
முதலில் அந்தக் கோடு பள்ளமா மேடா என்று பாருங்க. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து நகத்தை குறுக்கே ஓட்டினால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

பள்ளம் என்றால் ஏதோ சுருங்கியிருக்கிறது. ட்யூப் பட்டியில் உள்ள கரைப்பான் ஆவியாக ஆவியாக பட்டி உள்வாங்கும், மேலே காய்ந்தாலும் அடியில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். சிமென்ட்டும் அப்படித்தான். ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக் இளகி உப்பும், அந்த உப்பலையே தேய்த்துச் சமமாக்கினால் காய்ந்ததும் அதே இடம் பள்ளமாகிவிடும். மேடு என்றால் ஓரமாக நின்ற பட்டியையோ கிட் பிளாஸ்டிக்கையோ பெயின்டின் கரைப்பான் கடித்துக் கிளப்பியிருக்கும். இல்லையென்றால் மென்மையான ஸ்பாஞ்சு வைத்துத் தேய்த்ததில், கடினமான பொருள் தேயாமல் நின்று பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்திருக்கும்.

மேல்தட்டு குழிந்ததற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கீங்க: பின்வாயை மூடினது. சிமென்ட் ஆவி உள்ளேயே சிக்கி 0.5 ஷீட்டை இளக்கியிருக்கும், தாங்கவும் அடியில் ஒன்றுமில்லை. பானெட்டின் அடிப்பக்கத்திலிருந்து மேட்டுக்குள் 1.5 மி.மீ. துளை மூன்று நான்கு போடுங்க, பார்வைக்குத் தெரியாது. புதிதாகக் கட்டுவதானால் மேல்தட்டுக்கு அடியில் 8 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. பட்டைகளை விலா மாதிரி நிறுத்திவிட்டு மூடணும்.

சாம்பல்பிரைமர்:
பட்டியை விட்டுட்டு சூப்பர் க்ளூவால் நிரப்புவதுதான் என் வழி, அது சுருங்காது. ஆனால் ஆக்சிலரேட்டர் (பசையைச் சீக்கிரம் இறுக்கும் திரவம்) அடித்துக் கெட்டியானதுமே தேய்த்து முடிக்கணும். ராத்திரி விட்டுக் காலையில் தொட்டால் ஸ்டைரீனைவிடக் கடினமாகியிருக்கும். அப்புறம் தேய்த்தால் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் போகும். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டித்தான் தேய்க்கணும், விரலால் கூடாது.

மேடு பானெட்டோடு வளைந்து சேரும் அடி ஓரத்துக்கு சூப்பர் க்ளூ ஒத்துவராது. அங்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பட்டிதான். மெல்லிய திரியாக உருட்டி ஓரத்தில் வைத்து, ஈர விரலால் இழுத்தால் வளைவு தானாக வரும், காய்ந்ததும் 600 மட்டும் போதும்.

இன்னொன்று, பெரும்பாலும் கோட்டுக்கு மூலகாரணமே இடைவெளிதான். பானெட் குறுக்கே லேசாக வளைந்திருக்கும், நேராக வெட்டின சுவர் அதன் மேல் முழுசாக உட்காராது. 320 உப்புத்தாளை முகம் மேலே இருக்கும்படி பானெட் மேல் டேப் போட்டு ஒட்டி, மேட்டின் அடியை அதன் மேல் முன்னும் பின்னும் தேயுங்க. பானெட்டின் வளைவு அப்படியே சுவரின் அடியில் இறங்கிவிடும். அப்புறம் நிரப்ப வேண்டிய இடமே முடியளவுதான்.

எட்டுசிலிண்டர்:
வயரிங் பற்றி. 1/25இல் நிஜ வண்டியின் ஒரு இன்ச் ஏறக்குறைய ஒரு மி.மீ. (சரியாக 1.016). இந்த ஒரு கணக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிளக் வயர் நிஜத்தில் 7 மி.மீ., அதாவது 0.28. கடையில் ‘டீடெயிலிங் வயர்’ என்று 0.5 மி.மீ. கொடுத்தால் வாங்காதீங்க, தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி தெரியும். 0.3க்கு மேல் போகவே வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை (மூடியை) 3.2 மி.மீ. ஸ்டைரீன் ராடில் செய்யலாம். முதலில் நீள ராடிலேயே துளை போடுங்க, பிறகு வெட்டுங்க. குட்டித் துண்டை வெட்டிவிட்டுத் துளைக்கப் போனால் பிடிக்கவே இடமிருக்காது. சுற்றிலும் எட்டு, நடுவில் ஒன்று, 0.35 பிட், ஊசியால் குழி குத்திவிட்டு, ‘பின் வைஸ்’ என்ற கையால் சுழற்றும் குட்டி டிரில்லில் மெதுவாக.

சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில். ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்கோடியில். 5ம் 7ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், அடுத்தடுத்து வெடிப்பவை. ஒன்றின் மின்சாரம் மற்றதில் தாவாமல் இருக்க நிஜ வண்டியிலும் அந்த இரண்டு வயரையும் ஒட்டிப் போடமாட்டார்கள். உங்கள் மாடலிலும் பிரித்தே ஓட்டுங்க, தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

1970க்கு சின்ன கறுப்பு கேப், காயில் (மின்னழுத்தத்தை உயர்த்தும் சுருள்) தனியாக, நடுத் துளையிலிருந்து காயிலுக்கு ஒரு வயர். சில கிட்டுகளில் பெரிய எச்இஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) கேப் வரும், அது சில வருஷம் கழித்து வந்தது. அதில் காயில் கேப்புக்குள்ளேயே இருப்பதால் நடு வயர் கிடையாது.

கையரம்:
நன்றி. நகம் வைத்துப் பார்த்தேன், பள்ளம்தான். ஓரம் முழுக்கச் சீராக இருக்கிறது. அப்படியானால் பிய்க்க வேண்டாமா?

ஷீட்தச்சன்:
வேண்டாம். துளைகளைப் போட்டு ஒரு வாரம் அப்படியே வைங்க, இன்னும் சுருங்க வேண்டியது சுருங்கட்டும். பிறகு 600 ஈரத்தேய்ப்பில் கோட்டின் இரு பக்கமும் பிரைமர் வரை இறக்கி, பள்ளத்தில் மெல்லிய சூப்பர் க்ளூவை ஊசிமுனையால் ஓட்டி உடனே தேயுங்க. மேல்தட்டுக் குழிக்கு மேலே 0.25 ஷீட் ஒன்றை சூப்பர் க்ளூவால் ஒட்டிக் கட்டையால் சமமாக்கலாம், சிமென்ட் வேண்டாம். பிரைமரும் கலரும் முதல் இரண்டு கோட் பனி படிந்தாற்போல லேசாக. ஈரமாக ஒரேயடியாக அடித்தால் கரைப்பான் மறுபடி ஓரத்தைக் கடிக்கும்.

எட்டுசிலிண்டர்:
ஹெட்டருக்கு 1.8 அல்லது 2 மி.மீ. சால்டர் (பற்றாசு) கம்பி. குறடு வைத்து வளைத்தால் பல் பதியும், டிரில் பிட்டின் தண்டைச் சுற்றி விரலால் வளையுங்க. நான்கும் சேரும் கலெக்டருக்கு 3.5 மி.மீ. குழாய். சிமென்ட் உலோகத்தில் பிடிக்காது, எல்லாம் சூப்பர் க்ளூ. எஞ்சினைச் சேசிஸில் உட்கார வைத்து, ஸ்டீயரிங் பாக்ஸையும் பொருத்திய பிறகே வளையுங்க. ஓட்டுநர் பக்கம் அது வழியை மறிக்கும். ஈயம் கலந்த கம்பியானால் வேலை முடிந்ததும் கை கழுவணும்.