கூட்டிப் பார்த்துக் கெட்டவன் நான்: கரிமச் சேர்மத்துக்குப் பெயர் வைத்த அனுபவங்கள்

டெக்கேன்_தம்பி:
பிளஸ் ஒன் காலாண்டு. பத்து கார்பன் உள்ள டெக்கேன் சங்கிலியில் மூன்று மெத்தில் கிளைகள். அவை நிற்கும் இடம் இடமிருந்து எண்ணினால் 3,4,9, வலமிருந்து 2,7,8. கூட்டினேன்: 16, 17. குறைந்த கூட்டுத்தொகைதானே, 3,4,9-டிரைமெத்தில்டெக்கேன் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வந்தேன். ட்யூஷனில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். தாள் வந்தது, குறுக்கே ஒரே சிவப்புக் கோடு. சாரிடம் கூட்டிக் காட்டினேன். அவர் கூட்டலைப் பார்க்கவே இல்லை. முதலில் நின்ற 3-ஐயும் 2-ஐயும் வட்டமிட்டு, "எதுடா சின்னது?" என்றார். "ரெண்டு சார்." "அவ்வளவுதான், போ." வருடம் பன்னிரண்டு ஆகிவிட்டது, அந்த இரண்டு வட்டங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

கரும்பலகை_அக்கா:
தம்பி, உனக்கு விதி தெரியாமல் போச்சு. எனக்கு அகரவரிசை தெரிந்ததால் போச்சு. நான் தமிழ் வழி. கிளைகளை அகரவரிசையில் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினேன். எத்தில், மெத்தில் வந்தவரை சிக்கலே இல்லை, தமிழிலும் எ முதலில்தானே. ஒருநாள் 1-குளோரோ-2-புரோமோஈத்தேன் என்று பலகையில் எழுதினேன். க-வுக்கு அப்புறம்தானே ப? மிஸ் அழித்துவிட்டு 1-புரோமோ-2-குளோரோஈத்தேன் என்று எழுதினார். ஏன் மிஸ் என்றால், "ஏ, பி, சி, டி சொல்லு" என்றார். வகுப்பே சிரித்தது. அகரவரிசை என்றால் ஆங்கில எழுத்து வரிசை என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வளையம்6:
ட்யூஷன்காரரை ஏன் திட்டுகிறீர்கள்? பெரும்பாலான கணக்குகளில் கூட்டினாலும் சரியான விடைதான் வரும், அதனால்தான் அந்தக் குறுக்குவழி இன்னும் ஓடுகிறது. என் கதை சின்னது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நேராகத் தெரிந்த நாலு கார்பனை எண்ணி 2-எத்தில்பியூட்டேன் என்றேன். தேர்வாளர் வளைந்துபோன சங்கிலியை விரலால் தடவி ஐந்து எண்ணினார். 3-மெத்தில்பென்டேன்.
இப்போது படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். பென்சிலைக் கையெடுக்காமல் சங்கிலி மேல் ஓட்டுங்கள், எங்கே திரும்பினாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓட்டிப் பாருங்கள், நீளமானதுதான் முதன்மைச் சங்கிலி. ஒரே நீளத்தில் இரண்டு வந்தால் கிளை அதிகம் உள்ளதை எடுங்கள். இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை சொல்லும் டை, டிரை எல்லாம் எழுத்து வரிசையில் சேராது. ஐசோபுரப்பைலில் ஐசோ சேரும், டெர்ஷியரி பியூட்டைலில் டெர்ஷியரி சேராது. இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது உள்ள சங்கிலிதான் முதன்மை, நீளம் எல்லாம் அப்புறம்.

ஸ்டோர்ஸ்_ரூம்:
யாரும் அறிவுரை கேட்கவில்லையே ஐயா. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "ஐ.பி.ஏ. எடுத்துட்டு வா" என்றார்கள். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் என்று பாட்டில் பாட்டிலாகத் தேடினேன். கண் முன்னால் அதுவே புரப்பேன்-2-ஆல் என்ற லேபிளோடு வரிசையாக நிற்கிறது. கடைசியில் பக்கத்திலிருந்த புரப்பேன்-1-ஆலைத் தூக்கிக்கொண்டு போனேன். சீனியர் லேபிளைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் படித்தார். நல்லவேளை மூடியைத் திறக்கவில்லை.

பழைய_லேப்:
வளையம்6, கடைசி வரி பழைய கணக்கு. வேதிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐயூபேக்கின் 2013 பரிந்துரையில் நீளம்தான் முதலில், இரட்டைப் பிணைப்பு பிறகு. எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? விடைக்குறிப்பில் 2-புரப்பைல்பென்ட்-1-ஈன் என்று போட்டுவிட்டேன். ஒரு மாணவி மென்பொருளில் அமைப்பை வரைந்து கொண்டுவந்தாள். திரையில் 4-மெத்திலிடீன்ஹெப்டேன். பதினைந்து வருடம் பாடம் எடுத்தவன், அவள் முன்னால் விரல்விட்டுக் கார்பன் எண்ணிக்கொண்டிருந்தேன். நீளமான சங்கிலியில் ஏழுதான். இரண்டு பெயருக்கும் மதிப்பெண் போட்டேன்.

வளையம்6:
பள்ளித் தேர்வில் மெத்திலிடீன் என்று எழுதிவிட்டு மதிப்பெண் கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

டெக்கேன்_தம்பி:
4-மெத்திலிடீன்ஹெப்டேன் எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் 4.