ராக்னராக்கில் நீங்கள் எடுத்த ஜாப் எது? அனுபவம் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் ப்ரீஸ்ட்:
பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடிய கடலூர்க் கூட்டத்தில் நானும் ஒருவன். கொரியாவின் கிராவிட்டி கம்பெனி 2002-இல் விட்ட ராக்னராக் ஆன்லைன் கேம்தான் எங்களுக்கு உயிர். எல்லோரும் நோவிஸாக, அதாவது கத்துக்குட்டியாகத் தொடங்கி, ஜாப் லெவல் 10 வந்ததும் ஆறு ஜாப்பில், அதாவது கேரக்டரின் தொழிலில், ஒன்றைப் பிடிக்க வேண்டும். எங்கள் வரிசையில் அத்தனை பேரும் ஸ்வார்ட்ஸ்மேன் (வாள்வீரன்) அல்லது தீஃப் (திருடன்). அடிக்க ஆள் இருக்கிறது, அடிபட்டவனைத் தேற்ற ஆளில்லை. நான் கேமில் வரும் ப்ரோண்டெரா ஊர் சர்ச்சுக்குப் போய், காயம் ஆற்றும் அகோலைட் ஆனேன்.

ஆரம்பம் அழுகைதான், மேஸ் என்ற கதாயுதத்தால் அடித்தால், போரிங் என்ற சின்ன ஜெல்லிப் பூச்சாண்டியே சிரிக்கும். காயம் ஆற்றும் ஹீல் ஸ்கில் வந்த பிறகு கதை மாறியது. செத்துப்போன பேய்ப்பிசாசு மேல் ஹீல் போட்டால் அதற்கு அடி விழும். பயோன் குகையில் ஸோம்பி (நடமாடும் பிணம்) மெதுவாக அசைந்து வரும், அதன் மேல் ஹீல் போட ஷிப்ட்டை அழுத்தியபடி க்ளிக் பண்ண வேண்டும். அந்த சென்டர் கீபோர்டில் ஷிப்ட் பாதி நேரம் வேலை செய்யாது. ஷிப்ட் இல்லாமலே அதைச் செய்ய நோஷிப்ட் என்று ஒரு கட்டளை இருப்பது தெரிந்த அன்றுதான் நிம்மதி. ஆனால் நடுவில் ஃபமிலியர் வௌவால் வந்து கடிக்கும், அதற்கு ஹீல் பலிக்காது. ஓட வேண்டியதுதான்.

ஜாப் லெவல் 40-இலேயே அகோலைட்டுக்கு அடுத்த படியான ப்ரீஸ்ட் ஆகலாம். ஆகாதீர்கள், 50 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். என் நண்பன் 40-இல் மாறினான். ஸ்கில்லில் போடக் கையில் 39 பாயிண்ட். ஹீல், பிளஸ்ஸிங், இன்க்ரீஸ் அஜிலிட்டி மூன்றுக்கும் பத்துப் பத்து, பிளஸ்ஸிங்குக்கு முன்தேவையான டிவைன் புரொடெக்ஷன் ஐந்து, டெலிபோர்ட்டுக்கு முன்தேவையான ருவாக் ஒன்று, டெலிபோர்ட் இரண்டு, வேறு ஊருக்கு வாசல் திறக்கும் வார்ப் போர்ட்டல் ஒன்று. தீர்ந்தது. தூரத்திலிருந்து வரும் அம்பைத் தடுக்கும் நியூமாவுக்கு வார்ப் போர்ட்டல் நாலு வேண்டும். எலும்புக்கூடு வில்லாளி ஒன்று வந்தால் போதும், பையன் தரையில் கிடப்பான். அதை வாங்க ப்ரீஸ்ட் ஸ்கில்லுக்கான பாயிண்டில் கைவைத்தால் அங்கே ஓட்டை விழும்.

லாஸ்பேட்டை வியாபாரி:
அண்ணே, ஹீலுக்கு ஆள் தேடினார்கள் என்றால், விற்க என்னைத் தேடினார்கள். நான் மெர்ச்சன்ட், அதாவது வியாபாரி; ஓவர்சார்ஜ் ஸ்கில்லைப் பத்து வைத்தால் கேமின் கடைக்காரனிடம் பொருளை விற்க 24 சதவீதம் கூட விலை. ஊரே தன் குப்பையை என் தலையில் கட்டும். சொந்தக் கடை போடத்தான் தொல்லை. கடை திறந்திருக்கும் வரை லாக் அவுட் பண்ண முடியாது, புதுச்சேரி சென்டரில் மணிக்கு மணி காசு. வரும் ஸெனியைவிட (கேம் காசு) கையிலிருந்து போகும் ரூபாய்தான் அதிகம்.

முதுநகர் திருடன்:
எனக்கு தீஃப்தான். திருடனாக வேண்டும் என்றால் என்ன கொடுமை பண்ணச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டு மொராக் பிரமிடுக்குப் போனேன். தோட்டத்தில் புகுந்து காளான் பறித்து வா என்று அனுப்பினார்கள்! சரி, தீஃபுக்கு அடுத்த படியில் ரோக் ஆனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் இன்னொரு வழியான அசாசின் ஆகிவிட்டேன்.