ரேடியேட்டர் ஹோஸுக்கு ஸ்பிரிங் கிளிப்பா, ஸ்குரூ கிளிப்பா?

சேலத்துக்காரன்:
எட்டு வருஷ பழைய ஹேட்ச்பேக். கொஞ்ச நாளா காலைல வண்டிய எடுக்கும்போது கீழ் ரேடியேட்டர் ஹோஸ் மாட்டுற இடத்துல கூலன்ட் (இஞ்சின ஆத்துற தண்ணி) சொட்டிக் கெடக்கு. ஓடி சூடானதும் ஒரு சொட்டு வர்றதில்ல, ஏற்காட்டுல ராத்திரி வெளிய நிறுத்துனப்ப இன்னும் அதிகம். தானா இறுக்கிப் பிடிக்கிற கம்பெனி ஸ்பிரிங் கிளிப்ப தூக்கிட்டு, திருகி இறுக்குற பட்டை மாதிரி ஸ்குரூ கிளிப் போட்டு நல்லா முறுக்கிடலாம்னு மெக்கானிக் சொல்றார். மாத்தலாமா?

பட்டறை அண்ணாச்சி:
தாராளமா மாத்துங்க தம்பி. ஸ்பிரிங் கிளிப்புக்கு வயசாச்சுன்னா பிடிமானம் போயிரும், டைட் பண்ண வழியே கிடையாது. ஸ்குரூ கிளிப் எந்த ஊரு ஹார்டுவேர் கடைலயும் கெடைக்கும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். 1921ல லம்லி ராபின்சன்னு ஒரு பிரிட்டிஷ் நேவிக்காரர் பேட்டன்ட் வாங்குனது, இன்னிக்கும் லாரில இருந்து மோட்டார் வரைக்கும் அதான் ஓடுது. சரியில்லாத பொருளா இருந்தா இத்தன வருஷம் நிக்குமா?

ஓசூர் குவாலிட்டி:
அண்ணாச்சி, இந்த இடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். குளிர்ல சொட்டுது, சூட்டுல நிக்குது, இதுதான் முக்கியமான துப்பே. சூடு ஏறுனா ரப்பர் இரும்ப விட பல மடங்கு உப்பும். ஸ்குரூ கிளிப் பட்டை விட்டுக் கொடுக்காது, அப்ப ரப்பர் நசுங்கி ரெண்டு பக்கமும் பிதுங்கி அப்படியே படிஞ்சிரும், ராத்திரி ஆறும்போது ரப்பர் சுருங்கிரும் ஆனா பட்டை அதே சைஸ்ல நிக்கும், அந்த இடைவெளிலதான் கூலன்ட் வரும். திரும்ப முறுக்குவீங்க, திரும்ப நசுங்கும். ஸ்பிரிங் கிளிப் ரப்பரோட சேர்ந்து விரிஞ்சு சேர்ந்து சுருங்கும்.

பட்டறை அண்ணாச்சி:
படிச்சவங்க சொல்ற விளக்கம் சரி. ஆனா கம்பெனி ஸ்பிரிங் போடுறது ஃபேக்டரி லைன்ல சட்டுனு மாட்டிட்டுப் போறதுக்குத்தானே? எங்கிட்ட ஸ்குரூ கிளிப் போட்ட வண்டி லீக்குன்னு திரும்பி வந்ததில்ல.

ஓசூர் குவாலிட்டி:
வேகமும் ஒரு காரணம்தான், மறுக்கல. எனக்கு பயம் அந்த "நல்லா முறுக்கிடலாம்"லதான். இப்ப வர்ற ரேடியேட்டர் டேங்க் முக்காவாசி கண்ணாடி நார் கலந்த நைலான். எட்டு வருஷம் வெந்த நைலான் கழுத்துல, அதாவது ஹோஸ் மாட்டுற குழாய் முனைல, ஓவரா முறுக்குனா விரிசல் விழும், அப்புறம் ரேடியேட்டரே மாத்தணும். அரை இஞ்ச் பட்டைக்கு 3லேர்ந்து 5 நியூட்டன் மீட்டர் போதும், கைல ஸ்க்ரூ டிரைவர் வச்சு மணிக்கட்டு லேசா இறுகுற அளவுதான். ஸ்பேனர் போட்டா மரை அழிஞ்சிரும். ஸ்குரூ கிளிப்தான் போடுவேன்னா பட்டைல ஓட்டை இல்லாத, ஓரம் மடிச்ச வகை வாங்குங்க. ஓட்டை பட்டை ரப்பர அறுக்கும், சிலிக்கோன் ஹோஸ்னா ஓட்டை வழியா பிதுங்கியே வந்துரும்.

டெல்டா பம்ப்செட்:
கார் பத்தி எனக்கு தெரியாது, ஆனா கிளிப் பத்தி பேசுறதால சொல்றேன். டீசல் இஞ்சின் பம்புல தண்ணி உறிஞ்சுற சக்‌ஷன் ஹோஸ் சுருள் வரி போட்டது, தடிமன் வேற. அதுல சாதா ஸ்குரூ கிளிப் வரி மேல ஏறி உக்காந்துக்கும், பள்ளத்துல பிடிக்காது. அங்க தண்ணி சொட்டாது, காத்து உள்ள போகும், அதனால லீக்குன்னே தெரியாம பம்பு தண்ணி எடுக்கலைன்னு குழாய் அடில இருக்கிற ஃபுட் வால்வ திட்டிக்கிட்டு இருப்போம். ஜாயின்ட் மேல களிமண்ண அப்பிப் பாருங்க, தண்ணி பிடிச்சா அதான் இடம். போல்ட் வச்ச அகல கிளாம்ப் ரெண்டு, போல்ட் எதிரெதிர் பக்கம் வர்ற மாதிரி போட்டா நிக்கும். கட்டுக்கம்பி சுத்துறது ஹோஸ அறுத்துரும், தயவுசெஞ்சு வேணாம்.

தூத்துக்குடி போட்:
போட்டுக்காரங்க எங்களுக்கு ஸ்பிரிங்கா ஸ்குரூவாங்கிறத விட உப்புதான் பிரச்சன. எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)னு விக்கிறதுல பாதிக்கு பட்டை மட்டும்தான் எஸ்எஸ், திருகு சாதா இரும்புல முலாம். காந்தம் வச்சுப் பாருங்க, பட்டைல ஒட்டாம திருகுல கப்புனு ஒட்டுனா வாங்காதீங்க. கடல் தண்ணி ஹோஸுக்கு 316 கிரேடு எஸ்எஸ், கழுத்து நீளமா இருந்தா ரெண்டு கிளிப். கழுத்து குட்டையா இருக்கும்போது ரெண்டு போட்டா ரெண்டாவது வெறும் ரப்பரத்தான் பிடிக்கும், அது ஹோஸத்தான் வெட்டும்.

சேலத்துக்காரன்:
இன்னிக்கு கழட்டியாச்சு. கழுத்துல வெள்ளையா உப்பு படிஞ்சு சொரசொரன்னு இருந்துச்சு, தேய்ச்சு எடுத்தேன். ஹோஸ் நுனி கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. புது ஹோஸ், கிளிப்ல பொறிச்சிருந்த அதே நம்பர்ல புது ஸ்பிரிங் கிளிப். கழுத்து நுனில இருக்கிற விளிம்புத் திட்ட தாண்டி உள்பக்கம் உக்கார வச்சேன், திட்டு மேல இல்ல. சொட்டு நின்னுருச்சு.

பட்டறை அண்ணாச்சி:
நின்னது சந்தோஷம் தம்பி. ஆனா ஹோஸ் மாத்தி கழுத்தையும் சுத்தம் பண்ணதுக்கப்புறம் எந்த கிளிப் போட்டாலும் நின்னுருக்கும். கிளிப்புக்கு பேர் குடுக்காதீங்க.

ஓசூர் குவாலிட்டி:
அது நியாயமான கேள்வி. பழைய கிளிப் இருக்கா? அதே நம்பர் கிளிப் இன்னொன்னு கடைல வாங்கி, மாட்டாம ரெண்டையும் பக்கத்துல வச்சு உள் விட்டம் அளந்து பாருங்க. பழையது பெருசா இருந்தா ஸ்பிரிங் தளர்ந்துருச்சு, அண்ணாச்சி சொன்னது சரி. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஹோஸும் கழுத்தும்தான் காரணம், பழைய கிளிப்பையே திரும்ப போட்டிருக்கலாம்.

சேலத்துக்காரன்:
டப்பால போட்டு வச்சிருக்கேன். பக்கத்து லேத்துல வெர்னியர் இருக்கு, ஞாயித்துக்கிழம அளந்து சொல்றேன்.