வளைந்த அல்ட்ராவைட் மானிட்டர்: வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், காசுக்குத் தகுமா?

கோடுகாரன்

34 அங்குல வளைந்த அல்ட்ராவைட் (வழக்கத்தைவிட அகலமான) மானிட்டரில்தான் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்கள் வந்துகொண்டே இருப்பதால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் போடுங்கள். பிடித்ததை மட்டும் எழுதாமல் கடுப்பேற்றியதையும் எழுதுங்கள்.

34 அங்குலம் என்றதும் எல்லாப் பக்கமும் பெரிய திரை என்று தோன்றும். டேப் வைத்து அளந்தால் உயரம் சாதாரண 27 அங்குலத் திரையின் உயரமேதான், 33 செ.மீ. சொச்சம். அகலம்தான் 60லிருந்து 80 செ.மீ. ஆகிறது. பிக்சலும் அப்படித்தான்: 2560×1440 இருந்த இடத்தில் 3440×1440. மேலிருந்து கீழாகப் படிக்கிறவனுக்கு ஒரு வரிகூடக் கூடுதலாகத் தெரியாது. மொத்தமாக எண்ணினால் 50 லட்சம் பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. 4கே திரையில் 83 லட்சம். எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் 27 அங்குல 4கே வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எனக்கு இது ஒத்துவந்ததற்குக் காரணம் வேறு. முன்பு இரண்டு மானிட்டர். இரண்டும் சேரும் விளிம்பு சரியாக மூக்குக்கு நேரே வரும், அதனால் எப்போதும் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். இப்போது எழுதும் புரோகிராம் கோடு (code) நடுவில், இடப்பக்கம் ஆவணம், வலப்பக்கம் கட்டளை தட்டும் டெர்மினல். அதில் புரோகிராமின் லாக் (நடப்புப் பதிவு) ஓடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எழுத முடிகிறது. நான் காசு கொடுத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

கணக்குப்பிள்ளை

எக்செல்லில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பத்தி, கடைசியில் மொத்தம், பக்கத்தில் குறிப்பு. எல்லாம் பக்கவாட்டில் தள்ளாமலே தெரிகிறது. என் வேலைக்கு இது வரப்பிரசாதம். முதல் சில நாள் கட்டங்களின் கோடு லேசாக வில் போட்டதுபோல் தெரிந்தது. அப்புறம் கண் பழகிவிட்டது.

தொல்லை ஸ்கிரீன் ஷேரில். முழுத் திரையையும் பகிர்ந்தால் லேப்டாப்பில் பார்ப்பவர்களுக்கு மேலும் கீழும் கருப்புப் பட்டை, நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி எண்கள். "கொஞ்சம் பெரிதாக்குங்களேன்" என்று கூட்டத்துக்கு ஒருவராவது கேட்பார். இப்போதெல்லாம் எக்செல் விண்டோவைத் திரையின் பாதிக்குச் சுருக்கி, அதை மட்டும் பகிர்கிறேன். புலம்பல் நின்றுவிட்டது.

வெட்டி ஒட்டுபவன்

வீடியோ எடிட்டிங். டைம்லைன் நீளமாகக் கிடைப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கமான 16:9 (அகலம்:உயரம்) வீடியோவை முழுத் திரையில் ஓட்டினால் இரண்டு பக்கமும் 440 பிக்சல் கருப்பாகக் கிடக்கும். 2.39:1 விகிதத்தில் எடுத்த சினிமாதான் கிட்டத்தட்ட முழுத் திரையையும் நிரப்பும். நிறம் பார்க்கும் வேலைக்கு வளைந்த திரையை நான் நம்புவதில்லை. என்னுடையது விஏ (எல்சிடி திரையில் ஒரு வகை) பேனல். தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஓரத்தில் அடர்நிறங்கள் வெளிறுகின்றன. நிறத்துக்குத் தட்டையான ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) திரை ஒன்று பக்கத்தில் தனியாக இருக்கிறது. ஆக, "ஒன்றே போதும்" என்ற கதை என்னிடம் எடுபடவில்லை.

ராத்திரி ஆட்டக்காரன்

கார் ஓட்டும் ஆட்டம், விமான சிமுலேட்டர் இரண்டுக்கும் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தில் முந்தி வருகிற வண்டி முழுசாகத் தெரியும். ஆனால் எல்லா ஆட்டமும் இந்தத் திரையின் 21:9 விகிதத்தை ஏற்பதில்லை. 2022இல் வந்த எல்டன் ரிங், இரு பக்கமும் கருப்புப் பட்டையோடுதான் ஓடுகிறது. வாங்குமுன் நீங்கள் விளையாடுகிற ஆட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

2560×1440-ஐவிட மூன்றில் ஒரு பங்கு பிக்சல் கூடுதல் என்பதால் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சுமை ஏறும். மலிவான விஏ பேனல் என்றால் இருட்டுக் காட்சியில் கருப்பு இழுபடும். சோதிப்பது எளிது: கருப்புப் பின்னணியில் மங்கலான சாம்பல் எழுத்துள்ள பக்கத்தைத் திறந்து வேகமாக ஸ்க்ரோல் செய்யுங்கள். எழுத்துக்குப் பின்னால் மை இழுத்ததுபோல் வால் நீண்டால் ஆட்டத்திலும் அதுதான் கதி.

இன்னொன்று: பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 போர்ட்டில் சொருகினால் 3440×1440-க்கு 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 50 முறை படம் மாறுவது) மேல் போகாது. மானிட்டரைத் திட்டுமுன் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

மேசைவாசி

49 அங்குலம், 5120×1440. அதாவது இரண்டு 27 அங்குலத் திரையை நடுவில் கோடில்லாமல் ஒட்டியது. அகலம் 120 செ.மீ. பக்கம். மேசையில் வேறு எதுவும் வைக்க முடியாது என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு ஒரு மானிட்டர் ஆர்மில் (திரையைத் தாங்கிப் பிடிக்கும் மடங்கு கை) மாட்டினேன். அது தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்த எடையும் மானிட்டரின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று. காலையில் கண்ணுக்கு நேரே இருக்கும் திரை சாயங்காலத்துக்குள் இரண்டு விரல் இறங்கியிருக்கும். ஸ்பிரிங்கை முழுசாக முறுக்கியும் பயனில்லை. வளைவு கூடக் கூட எடை முன்னால் தள்ளி நிற்கிறது. எடையில் நல்ல இடைவெளி விட்டு ஆர்ம் வாங்குங்கள்.

விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித்தொகுப்பில் உள்ள, விண்டோக்களை அடுக்க உதவும் ஃபேன்சிஸோன்ஸை முதல் நாளே போட்டு, திரையை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு விண்டோவைப் பெரிதாக்கியதும் வாக்கியம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடும், மனிதன் படிக்க முடியாது.

வரைபடக்காரர்

திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டட வரைபடம் போடுகிறவனுக்கு நேர்கோடு நேர்கோடாகத் தெரியவேண்டும், அவ்வளவுதான். அல்ட்ராவைடில் தட்டையானதும் உண்டு, அதைப் பார்க்கிறேன்.

கோடுகாரன்

வளைவைப் பற்றி நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள். 1800ஆர் என்றால் 1800 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. 1000ஆர் அதைவிட அதிகமாக வளைந்தது. நடுவும் ஓரமும் கண்ணிலிருந்து ஏறக்குறைய சம தூரத்தில் இருக்கட்டும் என்பதற்குத்தான் வளைப்பது. 34 அங்குலத்தில் இது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. 49இல் வளைவில்லாமல் உட்கார முடியாது. அந்தச் சமதூரக் கணக்கும் நேர் நடுவில் உட்காருகிறவருக்குத்தான். பக்கத்து நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்துக் காட்டும் வேலை என்றால் அவர் பாதியைச் சாய்வாகத்தான் பார்ப்பார்.

ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) வாங்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: கருப்பு அபாரம். ஆனால் நாள் முழுக்க அசையாத டாஸ்க்பார் வைத்து வேலை செய்கிறவர் என்றால் தடம் பதியும் ஆபத்து உண்டு. உப பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) அமைப்பு வேறு என்பதால் சில மாடல்களில் எழுத்தின் ஓரத்தில் நிறக்கீற்றும் தெரியும். நான் எழுத்தோடு மாரடிக்கிறவன், எனக்கு வேண்டாம்.

புதுசு

என் மேசை ஆழமே 55 செ.மீ.தான். 34 வைக்கலாமா?

மேசைவாசி

ஸ்டாண்டோடு என்றால் கஷ்டம். அதன் கால் 25 செ.மீ.வரை முன்னால் நீட்டிக்கொண்டு கீபோர்டுக்கு இடமே விடாது. மூக்குக்கும் திரைக்கும் குறைந்தது 60, 70 செ.மீ. வேண்டும். சுவரோடு ஒட்டி மடங்குகிற ஆர்ம் போட்டால் சமாளிக்கலாம். பின்பக்கம் ஆர்மில் திருகி மாட்ட 100×100 மி.மீ. வீசா துளை இருக்கிறதா என்று ஸ்பெக்கில் பாருங்கள், சிலவற்றில் இருக்காது. ஆர்டர் போடுமுன் 80க்கு 33 செ.மீ. அளவில் ஒரு அட்டையை வெட்டிச் சுவரில் சாய்த்து, ஒரு முழு வேலைநாள் அதன் முன் உட்கார்ந்து பாருங்கள்.