வேலை செய்யாமற்போன நிலைப்பிக்கு என்ன சொல்?

கிளிநொச்சியிலிருந்து:
வீட்டில் கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவும் வகுப்புக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கழுவிய படத்தை நிலைக்கச் செய்யும் மருந்தான ஃபிக்சருக்கு 'நிலைப்பி' என்று எழுதியாயிற்று. பல பிலிம் கண்டு ஓய்ந்துபோன நிலைப்பிக்குத்தான் சொல் இல்லை. பந்தி இது:

"பிலிமின் நுனியில் 2 சென்ரிமீற்றர் வெட்டு. மருந்து பூசிய பக்கத்தில் நிலைப்பி ஒரு துளி விட்டு அரை நிமிடம் பொறு. பிறகு துண்டை முழுதாக நிலைப்பியில் அமிழ்த்து. துளி பட்ட இடம் தெரியாதபடி முழுதும் தெளிய எடுக்கும் நேரத்தைக் குறி. அதன் இருமடங்கு நேரம் பிலிம் உள்ளே கிடக்கவேண்டும். புதுக் கரைசலில் 40 செக்கனில் தெளிந்த அதே வகைப் பிலிம் 80 செக்கன் எடுத்தால் அந்த நிலைப்பி ______."

முல்லைத்தீவிலிருந்து:
'சோர்நிலைப்பி'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். உடல் சோர்வதும் கண்ணீர் சோர்வதும் கூந்தல் சோர்வதும் ஒரே வேர். பிடி தளர்தலே அடிப்பொருள். பிலிமிலுள்ள வெள்ளி உப்பை, அதாவது வெள்ளி ஏலைட்டைப் பிடித்திழுக்கும் வலிமை தளர்ந்த மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

ஆனால் 'நிலைப்பி' என்பதே பிழை ஐயா. நிரப்புவது நிரப்பி, சரி. நிலைப்பது படமல்லவா? மருந்து நிலைக்கச் செய்கிறது. நன்னூல் சொல்லும் 'பி' பிறவினை விகுதி என்று வாதிட்டால் அது வினையடியாக நிற்குமேயன்றிப் பெயராகாது. 'நிலைநிறுத்தி' என்று திருத்துங்கள்.

வவுனியாவிலிருந்து:
'சோர்நிலைப்பி' என்றால் பிள்ளைகள் போத்தல் ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். என் சொல் 'வெள்ளியேறிய நிலைப்பி'. நிலைப்பியில் வேலைசெய்யும் உப்பான தயோசல்பேற்று எங்கும் போய்விடவில்லை. பிலிமிலிருந்து கரைந்த வெள்ளியோடு பிணைந்து கிடக்கிறது. கூடவே அயடைட்டும் சேர்ந்து கரைப்பதை மந்தமாக்குகிறது. களைத்தது, ஓய்ந்தது என்று எழுதினால், சத்துப்போன தண்ணீர்தானே என்று கிணற்றடியில் ஊற்றுவார்கள். மலசலகூடக் குழியில் ஊற்றினால் அங்குள்ள நுண்ணுயிர்களையும் வெள்ளி பாதிக்கக்கூடும். குடிப்பது அந்தக் கிணற்று நீரைத்தான். ஆபத்தைச் சொல்லே சொல்லட்டும்.

மாங்குளத்திலிருந்து:
அக்கறை சரி, சொல் சரியில்லை. முதல் பிலிம் கழுவியவுடனேயே வெள்ளி ஏறிவிடும், எல்லை எங்கே? அமில நிலைப்பியில், அதற்கு முன் படத்தைத் தோன்றச்செய்யும் மருந்தான டெவலப்பர் கலந்து அமிலம் குறைவதும் ஒரு காரணம். 'நிரம்பிய' என்றும் போடவேண்டாம், வேதியியலில் அதற்கு வேறு பொருள்.

இன்னொன்றையும் பிரித்து எழுதுங்கள். எங்கள் வெக்கையில் நாட்பட வைத்த நிலைப்பியில் வெண்மஞ்சள் தூள் படியும். அது பிரிந்து வந்த கந்தகம். ஒரு பிலிமும் காணாத போத்தலிலும் வரும். அது 'கெட்ட நிலைப்பி'. வடித்துப் பாவிக்காமல் விலக்கவேண்டும். மற்றதற்கு 'வலுவிழந்த நிலைப்பி' போதும். பற்றறி இறங்கினால் எப்படியோ அப்படி. அதில் கழுவிய நெகற்றிவ் பாலாடை படிந்ததுபோல் மங்கும். தெளிவாகத் தெரிந்தாலும் பிறகு மஞ்சள் கபிலமாகக் கறைபடும்.

கிளிநொச்சியிலிருந்து:
'வலுவிழந்த நிலைப்பி' என்றே அச்சுக்குப் போகிறது. எனக்கும் முழு நிறைவில்லை, நாளில்லை. 'நிலைப்பி' 31 இடங்களில் வருகிறது. இனி மாற்ற முடியாது.

வவுனியாவிலிருந்து:
அப்படியானால் அகற்றும் பக்கத்திலாவது 'வெள்ளியேறிய' என்று போடுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் கலனில் சேர்க்கவேண்டும். கறள் பிடிக்கும் இரும்பு நாரை அதில் பல நாள் ஊறவிட்டால் இரும்பு கரைந்து வெள்ளி கறுஞ்சேறாக விழும். கறள் பிடிக்காத கம்பிச்சுருள் உதவாது. வடித்த நீரும் கிணற்றடிக்குப் போகக்கூடாது. குளோரின் வெளிற்றியை ஒருபோதும் அதில் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும்.

முல்லைத்தீவிலிருந்து:
பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன். 'நிலைப்பி'க்கு மட்டும் என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலைப்பது படம்.